ஏழாவது விளக்கின் கைப்பிடி

என் அண்ணியை அரங்கத்தில் எல்லோரும் கொக்கி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருவர்மேல் வெளிச்சத்தை மாட்டினால், அவர் மேடையை விட்டுப் போகும்வரை கழற்ற மாட்டாள் என்பதால் வந்த பெயர். எனக்கு அந்தப் பெயரில் வேறு நியாயமும் தெரிந்தது. முதலில் என் அண்ணன், பிறகு என் அம்மாவின் வீடு, கடைசியில் நான் பெற்ற பெண் என்று ஒவ்வொன்றாக மாட்டி இழுத்துக்கொண்டாள் என்று உள்ளுக்குள் பொருமிக்கொண்டே இருந்தேன். வாய்விட்டுச் சொன்னதில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை, என் முகமே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

குள்ளம், நல்ல பருமன், வாயில் எந்நேரமும் ஒரு கிராம்பு. அரங்கத்துக்கு வருவதற்கு முன் பள்ளிக்கூட வேன் ஓட்டிக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடம் சொந்தமாகப் பேருந்து வாங்கியதும் வீட்டில் சும்மா உட்கார்ந்து, என் அண்ணனின் உயிரை வாங்கினாள். அண்ணன் இந்த அரங்கத்தில் மேடைத் தச்சன். நான் ஸ்டேஜ் மேனேஜர், அதாவது மேடையோரத்தில் ஒரு சின்ன மேசைக்குப் பின்னால் ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு, எப்போது திரை, எப்போது வெளிச்சம், எப்போது சத்தம் என்று எல்லோருக்கும் "போ" சொல்பவள். நடிகரோடு கூடவே வெளிச்சத்தைத் திருப்பும் ஸ்பாட் விளக்குக்காரர் வேலையை விட்டுப் போனபோது அண்ணன் என்னிடம்தான் வந்து தலையைச் சொறிந்தான். நான் முடியாது என்று சொல்ல நினைத்து, சரி என்றேன்.

வேன் ஓட்டியவளுக்கு அந்த வேலை தண்ணீர் பட்ட பாடு. நடிகர் எங்கே இருக்கிறார் என்று பார்க்க மாட்டாள், எங்கே போகப்போகிறார் என்று பார்ப்பாள். "குறுக்க ஓடப்போற பையனோட தோள்பட்டை முன்னாடியே சொல்லிடும்" என்பாள். பழைய ஸ்பாட் விளக்கு ஒருநாள் புகைவிட்டு உயிரை விடும்வரை எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

அதற்கு உதிரிபாகம் கிடைக்கவில்லை. புதிது வாங்கும் பேச்சை எடுத்தாலே அரங்க மேனேஜருக்குக் காது கேட்காமல் போய்விடும். அரங்கத்தில் இருந்தவை எட்டுத் தலையாட்டிகள்தாம். மோட்டார் வைத்து, கழுத்தைத் திருப்பித் தலையை ஆட்டும் விளக்குகளுக்கு நாங்கள் வைத்திருந்த பெயர் அது. கெட்டிக்கார விளக்குகள்தாம், ஆனால் சொல்லிக்கொடுத்த இடத்துக்கு மட்டுமே போகும். நடிகர் ஒரு முழம் தள்ளி நின்றுவிட்டால், வெறும் தரைக்கு மிகுந்த மரியாதையோடு வெளிச்சம் காட்டிக்கொண்டிருக்கும்.

அந்த எட்டில் ஏழாவதை இறக்கி, மேல் காலரியில் ஒரு இரும்புத் தாங்கியில் நிற்கவைத்தார்கள். விளக்குகளை இயக்கும் கம்ப்யூட்டர் மேசையில் இருக்கும் பட்டன் (நாளெல்லாம் பட்டன்களைத் தட்டிக்கொண்டிருப்பதால் அவனுக்கு அந்தப் பெயர்) அதன் மோட்டாரை மட்டும் அணைத்தான். தலை கைக்கு லேசாகத் திரும்பியது. அண்ணன் ஒரு பழைய சைக்கிளின் ஹாண்டில்பாரை வெட்டி அதன் இரண்டு பக்கமும் முடுக்கி, குறிபார்க்க மேலே ஒரு குட்டிக் குழாயும் வைத்தான். மேனேஜர் வந்து பார்த்து, "அப்படியே ஒரு பெல்லும் வெச்சுடுங்க" என்றார். பிரகாசம், நிறம், வட்டத்தின் அளவு எல்லாம் பட்டன் கையில். திசை மட்டும் அண்ணி கையில். ஒரே விளக்கை இரண்டு பேர் ஆளுவது, இரண்டு பெண்கள் ஒரே அடுப்பில் சமைப்பது போலத்தான். ஆனால் அவர்களுக்குள் சண்டை வந்ததே இல்லை. சண்டையெல்லாம் எனக்கும் அவளுக்கும்தான்.

ஒருநாள் ஒத்திகையில் மின்சாரம் போய்த் திரும்பி வந்தது. இந்த விளக்குகளுக்கு ஒரு குணம் உண்டு. உயிர் வந்ததும், தன் தலை எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரிந்துகொள்ள, முழு வேகத்தில் ஒரு சுற்று சுற்றிப் பார்க்கும். ஏழாவது விளக்கும் மோட்டார் அணைந்திருப்பதை மறந்து எழுந்து சுற்றியது. கைப்பிடி அண்ணியின் தாடையில் இடித்தது. உதடு கிழிந்து ரத்தம் கொட்டியது. அண்ணன் ஸ்பேனரோடு மாடி ஏறி ஓடினான்.

"கழட்டிடறேன். இந்தச் சனியன் வேணாம்."

"அதைக் கழட்டினா உங்களையும் சேத்துக் கழட்டி வெச்சிருவேன்" என்றாள் அண்ணி, வாயில் துணியை அழுத்திக்கொண்டே. "தூக்கத்துல பொரண்டு படுத்திருக்கு. பக்கத்துல இருக்கறவதான் ஒதுங்கிக்கணும். இத்தனை வருஷமா உங்ககூடக் குப்பை கொட்டலையா?"

அன்றிலிருந்து இரண்டு ஏற்பாடுகள். அண்ணி கைப்பிடியைத் தொடுமுன் ஹெட்செட்டில் "தூங்குதா?" என்று கேட்பாள். பட்டன் மோட்டாரைச் சரிபார்த்து, "தூங்குது அக்கா" என்பான். அது முதல் ஏற்பாடு. இரண்டாவது, பட்டனின் மேசையில் எட்டு விளக்குகளுக்கும் ஒரே நேரத்தில் கட்டளை கொடுக்க "எல்லாம்" என்று ஒரு பொத்தான் இருந்தது. அதிலிருந்து ஏழாவது விளக்கை அவன் நீக்கிவிட்டான். மற்றவற்றுக்கு என்ன கட்டளை போனாலும் ஏழாவதை அது எழுப்பாது.

இப்போது என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவள் நடிகை. அத்தை என்றால் உயிர். சின்ன வயதில் அத்தையின் வேனில் முன் சீட்டில் உட்கார்ந்து உலகத்தைப் பார்த்தவள். நான் கூட்டிக்கொண்டு போனால் சாலையைக் கடக்க மணிக்கட்டைப் பிடித்துக்கொள்வேன். "நில்லு. ஒரு அடி. நில்லு. இப்ப வா." இதுதான் என் மந்திரம். அவள் வளர்ந்து வேலைக்குப் போன பிறகும் என் கை தானாக அந்த மணிக்கட்டைத் தேடும். தெருவில் போகிறவர்கள் சிரிப்பார்கள். "விடும்மா, அவ என்ன கைக்குழந்தையா?" என்பாள் அண்ணி. இரண்டு பேரும் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அது எனக்கு எரியும்.

அந்த வருஷ நாடகத்தில் என் மகள் ஒரு மருத்துவச்சி. பிரசவ வலியில் துடிக்கும் ஒருத்தியைப் பார்க்க, இடிந்துபோன பாலத்தை இருட்டில் கடக்க வேண்டும். டைரக்டர் மேடையின் நடுப்பகுதியை லிஃப்டோடு ஒரு மாடி கீழே இறக்கச் சொன்னார். அந்தப் பள்ளத்தின் குறுக்கே ஒரே ஒரு பலகை. இரண்டு பாதத்தைச் சேர்த்து வைத்தால் ஓரம் தெரியாத அகலம். மற்ற எல்லா விளக்குகளும் அணைந்திருக்க, ஏழாவது விளக்கின் ஒரு வட்டம் மட்டும் அவளோடு போக வேண்டும். கீழே மெத்தை போட்டார்கள். ஆனால் லிஃப்டின் இரும்புச் சட்டங்கள் மெத்தைக்கு வெளியே பல்லைக் காட்டிக்கொண்டு நின்றன. இடுப்பில் கம்பி கட்டச் சொன்னேன். கம்பி மினுங்கி, பார்ப்பவர்களுக்குப் பயம் போய்விடும் என்றார் டைரக்டர். எனக்குப் பயம் போகவில்லையே என்றேன். அவர் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்.

மகளிடம் மன்றாடினேன். அவள் தலைமுடியை முடிந்துகொண்டே சொன்னாள். "அம்மா, மேல அத்தை இருக்காங்கல்ல?"

அந்தப் பதில் என்னை அறைந்தது. பெற்றவள் கீழே இருக்கிறேன், அதை எண்ணிக்கையில் சேர்க்கவில்லை.

அத்தையும் மருமகளும் என் வீட்டுக் கூடத்திலேயே பழகினார்கள். தரையில் சாக்பீஸால் பலகை வரைந்து, விளக்கை அணைத்து, டார்ச் அடித்து. வட்டத்தின் முன்விளிம்பு அவள் பாதத்துக்கு ஒரு சாண் முன்னால் போகும். வெளிச்சம் விழுந்த மரத்தில் மட்டும்தான் கால் வைப்பாள். வெளிச்சம் நின்றால் நிற்பாள். நான் சமையலறை வாசலில் கரண்டியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னைக் கூப்பிடவில்லை.

ஒரு ஒத்திகையில் யாரோ தெரியாமல் மேடையின் பொது விளக்கைப் போட்டுவிட்டார்கள். பலகை நடுவில் நின்றவள் தள்ளாடி, அப்படியே கால்களைத் தொங்கவிட்டு உட்கார்ந்து பலகையைக் கட்டிக்கொண்டாள். "இருட்டுக்குப் பழகின கண்ணும்மா. பளிச்னு வந்ததும் என் காலே எங்க இருக்குன்னு தெரியல" என்றாள். அந்த சுவிட்ச் என் மேசைக்குப் பக்கத்துச் சுவரில்தான் இருந்தது. அதன்மேல் நானே டேப் ஒட்டினேன்.

நாடகம் தொடங்கியபின் ஒருநாள், மதியக் காட்சி. காலையில் பட்டனின் மேசை உறைந்து நின்றுவிட்டது. பழைய பதிவு ஒன்றிலிருந்து அதைத் திரும்ப எழுப்பி, நாடகத்தின் வெளிச்சங்களை மறுபடி ஏற்றி, சாப்பிடாமல் உட்கார்ந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தான். "எல்லாம்" பொத்தானை மட்டும் பார்க்கவில்லை. அந்தப் பழைய பதிவு, கைப்பிடி வருவதற்கு முந்தியது. அதில் "எல்லாம்" என்றால் எட்டும்தான்.

"தூங்குதா?" என்றாள் அண்ணி.

"தூங்குது அக்கா."

அந்த நேரத்தில் அது உண்மையும்கூட.

பாலக் காட்சி வந்தது. லிஃப்ட் இறங்கியது. பலகையின் மறுமுனையில் இருட்டுக்குள், அவளைக் கைபிடித்து வாங்க என் அண்ணன் நின்றான். அவனுக்கு ஹெட்செட் கிடையாது. எனக்குத் திரைச்சீலை மறைக்கும், அதனால் அரங்கத்தின் பின்சுவரிலுள்ள காமிராவின் படத்தைச் சின்னத் திரையில் பார்த்துக்கொண்டுதான் வேலை செய்வேன். "போ" என்றேன். எல்லாம் அணைந்தன. ஒரு வட்டம். அதற்குள் என் பெண்ணின் இரண்டு பாதங்கள்.

மூன்றடி போயிருப்பாள். மேடைக்கு மேலே மூன்றாவது தலையாட்டி அணையாமல் மங்கலாக எரிந்தபடி, சுற்றிச் சுற்றி ஆட ஆரம்பித்தது. டைரக்டர் பட்டனின் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். அவருடைய குரல் பட்டனின் மைக்கில் எனக்கே கேட்டது. "மூணு! மூணு எரியுது! எதையாவது பண்ணித் தொலைய்யா!"

பட்டன் எதையாவது செய்தான். மூன்றாவது விளக்கைத் தேடிப் பிடிக்கப் பொறுமையில்லாமல் "எல்லாம்" பொத்தானை அழுத்தி, தலைகளுக்கெல்லாம் திரும்பச் சுற்றிப் பார்க்கும் கட்டளையைக் கொடுத்தான்.

ஹெட்செட்டில் அண்ணியின் மூச்சு அறுந்தது. பிறகு மோட்டாரின் உறுமல். என் சின்னத் திரையில் வட்டம் பலகையை விட்டுப் பறந்து மேல்திரையில் மோதியது. என் பெண் இருந்த இடம் கறுப்பாகிவிட்டது.

"அண்ணி!"

உறுமல் மட்டும் கேட்டது. பட்டன், "ஐயோ, ஏழு... அக்கா... ஏழும் போயிடுச்சு" என்று திக்கினான்.

வட்டம் நடுங்கிக்கொண்டே திரும்பி வந்தது. பலகைக்கு வெகுமேலே, என் பெண்ணின் முகத்தில் விழுந்தது. அவள் அசையவில்லை. வெளிச்சம் நின்றால் நிற்பாள். ஆனால் காலடியில் இருட்டு.

"பவரைப் புடுங்கிடவா?" என்றான் பட்டன்.

"புடுங்காதே! வெளிச்சமும் போயிடும்!" என்று நான் கத்தினேன். என் இடது கை சுவரில் இருந்தது. டேப்பின் ஒரு முனை ஏற்கெனவே நகத்தில் கிழிந்திருந்தது. பொது விளக்கைப் போட்டால் எல்லாம் தெரியும், அவளுக்கு மட்டும் எதுவும் தெரியாது. போடாவிட்டால் இருட்டில் நிற்கிறாள். என் வாழ்க்கையில் அவ்வளவு கனமான சுவிட்சை நான் தொட்டதில்லை.

"சுவிட்ச்லேர்ந்து கைய எடு." அண்ணிதான். என் கை எங்கே போயிருக்கும் என்று அவளுக்குப் பார்க்காமலே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டு பேசினாள். "கட்டிப் புடிச்சுட்டேன். விட மாட்டேன். ஆனா என் மூஞ்சி செவுத்துப் பக்கம் இருக்கு. எனக்கு மேடை தெரியல."

தாங்கிக்கும் தலைக்கும் நடுவே முழங்கையைக் கொடுத்து, நெஞ்சால் விளக்கை அழுத்திக் கிடந்திருக்கிறாள். மோட்டார் ஒரு பக்கம் இழுக்க, இவள் ஒரு பக்கம் இழுக்க.

"நீ பாத்துச் சொல்லு" என்றாள்.

சுவரிலிருந்து கையை எடுத்தேன். அதை எடுத்தது எப்படி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

"கீழ" என்றேன். "இன்னும் கீழ. இன்னும். கால் தெரியுது. நில்லு."

நின்றது. நடுங்கிக்கொண்டே நின்றது. என் மகளின் கால் கட்டைவிரல் மரத்தைக் கவ்விக்கொண்டிருப்பது தெரிந்தது.

"வலது பக்கம். ஒரு அடி. நில்லு."

பாதம் எழுந்து வெளிச்சத்துக்குள் வந்தது.

"ஒரு அடி. நில்லு. இப்ப வா."

நான் யாரிடம் பேசினேன் என்று எனக்கே தெரியவில்லை. அண்ணியிடமா, விளக்கிடமா, கேட்கவே முடியாத என் பெண்ணிடமா. அரங்கத்தில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அது நாடகம்.

பலகையின் பாதியில், உறுமிக்கொண்டிருந்த மோட்டார் தோற்றுப்போய் நின்றுவிட்டது. இந்த விளக்குகள் அப்படித்தான், நாலைந்து தடவை முட்டிப் பார்த்துவிட்டு முடியவில்லை என்றால் கைவிட்டுவிடும். ஆனால் அண்ணி அதற்கு எதிராக முழுப் பலத்தோடு தள்ளிக்கொண்டிருந்தாள். இழுப்பு அறுந்ததும் வட்டம் துள்ளி, பலகையின் பக்கவாட்டில், பள்ளத்துக்குள் விழுந்தது. என் மகளின் கால் ஏற்கெனவே அந்தப் பக்கம் எழும்பியிருந்தது.

"நில்லு!"

அந்தரத்தில் கால் நின்றது. ஒற்றைக் காலில் என் பெண். வெளிச்சம் திரும்பி ஊர்ந்து வந்து பலகையைத் தொட்டது. கால் இறங்கியது. மரத்தில்தான் இறங்கியது.

"அண்ணி, மோட்டார் நின்னுடுச்சு. இப்ப மேடை தெரியுதா?"

"கண்ணெல்லாம் வேர்வை. நீயே சொல்லு" என்றாள்.

சொன்னேன். ஒரு அடி, நில்லு, ஒரு அடி, நில்லு. இருட்டிலிருந்து என் அண்ணனின் கை நீண்டு அவளை வாங்கிக்கொண்டபோது, அடுத்த காட்சிக்கு "போ" சொல்ல வேண்டியவள் நான் என்பதே மறந்துபோயிற்று. பட்டன்தான் அழுதுகொண்டே, "போகட்டுமா அக்கா?" என்று கேட்டான்.

இடைவேளையில் அண்ணி மாடியிலிருந்து இறங்கி வந்தாள். வலது முழங்கை வீங்கிக் கறுத்திருந்தது. விளக்கின் சூடு கன்னத்தில் ஒரு பட்டையாகச் சிவந்திருந்தது. என் அண்ணன் ஒன்றும் புரியாமல் ஐஸுக்கு ஓடினான். டைரக்டர் ஒப்பனை அறை வாசலுக்கே வந்துவிட்டார். "அந்த நடுக்கம் இருக்கே, அபாரம். தினமும் அதே மாதிரி வரணும்" என்றார்.

"நாளைக்கு அவ இடுப்புல கம்பி இருக்கும். இல்லேன்னா நீங்க நடந்து காட்டுங்க, நான் 'போ' சொல்றேன்" என்றேன். என் முகத்தைப் பார்த்தார். கம்பிக்கு ஒப்புக்கொண்டார்.

என் மகள் கண்ணாடி முன்னால் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரியாது. விளக்கு கொஞ்ச நேரம் தடுமாறியது, அவ்வளவுதான் என்று நினைத்திருந்தாள். முழங்கையைப் பார்த்ததும் பதறி, என்ன ஆயிற்று என்று கேட்டாள்.

"சும்மா இடிச்சுக்கிட்டேன்" என்றாள் அண்ணி.

"இன்னிக்கு ஏன் அத்தை அப்படிக் கூட்டிட்டுப் போனீங்க? ஒவ்வொரு அடிக்கும் நின்னு, நின்னு. அம்மா என்னை ரோடு தாண்ட வைப்பாங்களே, அப்படியே அதே மாதிரி." சிரித்தாள். "நடுவுல மணிக்கட்டு கூட வலிச்ச மாதிரி இருந்துச்சு."

"ஓட்டினது உங்கம்மாதான்" என்றாள் அண்ணி.

மகள் கையிலிருந்த துணியோடு என் பக்கம் திரும்பினாள். நான் சுவரைப் பார்த்துக்கொண்டு அழுதேன். நன்றாக, சத்தம் போட்டே அழுதேன்.

மறுநாள் காலை அண்ணன் ஏழாவது விளக்கைப் பிரித்து, தலையைச் சுழற்றும் பெல்ட்டுகளையே உருவி எடுத்துவிட்டான். இனி யார் என்ன கட்டளை கொடுத்தாலும் அது எழாது. ஆனாலும் அண்ணி கைப்பிடியைத் தொடுமுன் கேட்பாள்.

"தூங்குதா?"

"போயே சேந்துடுச்சு அக்கா" என்பான் பட்டன்.

கட்டு மாற்றிவிடும் சாக்கில் ஒருநாள் அவளைத் தனியாகப் பிடித்தேன். மோட்டார் நின்ற பிறகு உண்மையிலேயே மேடை தெரியவில்லையா என்று கேட்டேன். கிராம்பை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்குத் தள்ளினாள்.

"நல்லாவே தெரிஞ்சுது."

"அப்புறம் ஏன் என்னையே சொல்லச் சொன்னீங்க?"

"நீ ஒழுங்கா ஓட்டிட்டிருந்த. பாதி வழியில டிரைவரை மாத்தினா வண்டி குலுங்கும்." கையை இழுத்துக்கொண்டு எழுந்தாள். "ஆமா, அன்னிக்கு என்னை நீ, வா, போன்னு வாய்க்கு வந்தபடி பேசின. மறந்துட்டேன்னு நெனைக்காத."